படிக்காமல் செய்த சத்தியம்

நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் படிக்க நல்ல நாவல் எது என்று யாராவது என்னிடம் கேட்டால் இப்போதும் முகம் சூடாகிவிடும். பள்ளிக்கூடத்தில் லைப்ரரியைப் பார்த்துக்கொள்கிறவள்தானே, சொன்னால் என்ன என்று நினைப்பார்கள். அவர்களிடம் சொல்ல வாய் வராததை இங்கே எழுதிவிடுகிறேன்.

பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் அட்டெண்டர் வேலை எனக்கு. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. மணி அடிப்பது, சுற்றறிக்கையை வகுப்பு வகுப்பாகக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்குவது, பெரிய டீச்சருக்கு டீ வாங்கி வருவது, இப்படிப் பொழுது போகும். அதிகம் பேசமாட்டேன். நாலு பேர் கூடி நின்றால் சுவர் ஓரமாகப் போய்விடுவேன். பிள்ளைகள் என்னை அக்கா என்று கூப்பிடுவார்கள்.

லைப்ரரியைப் பார்த்துக்கொண்டிருந்த டீச்சர் மாற்றலாகிப் போனதும், பெரிய டீச்சர் புத்தக பீரோவின் சாவியை என்னிடம் தந்தார்கள்.

“எடுத்துக் குடுக்கணும், நோட்டுல எழுதணும், திருப்பி வாங்கி வைக்கணும். ஒனக்கு வராதா?”

“வரும் டீச்சர்.”

வெள்ளிக்கிழமை மத்தியானம் கடைசி இரண்டு பீரியடும் நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கு லைப்ரரி. முதல் வெள்ளிக்கிழமையே ஒரு பிள்ளை என்னை “மிஸ்” என்று கூப்பிட்டது. மற்றதுகளும் பிடித்துக்கொண்டன. நான் திருத்தவில்லை. அன்று வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, லைப்ரரி மிஸ், லைப்ரரி மிஸ் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

மிஸ் என்று ஆகிவிட்டால் பதில் சொல்ல வேண்டும். “மிஸ், எது நல்லாருக்கும்?” இதுதான் எல்லாப் பிள்ளைகளும் கேட்பது. பீரோவில் இருந்ததில் ஒன்றைக்கூட நான் படித்திருக்கவில்லை. படிப்பை விட்ட பிறகு எந்தப் புத்தகத்தையும் முழுசாகப் படித்ததில்லை. அதனால் வியாழக்கிழமையே பின் அட்டைகளில் உள்ள நாலு வரியைப் பார்த்து வைத்துக்கொள்வேன். இதில் திருடன் வருவான், இது காட்டுக்குள் நடக்கும், இது ஒரே சிரிப்பு. பின் அட்டையில் எழுத்து இல்லாவிட்டால் முன் அட்டைப் படத்தைப் பார்த்துச் சொல்வேன்.

சிரிப்பு என்று சொல்லிக் கொடுத்த ஒன்றை ஒருவன் அடுத்த வாரம் கொண்டுவந்து நீட்டினான். “மிஸ், இதுல எத்தனாம் பக்கத்துல சிரிக்கணும்?”

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துச் சமாளித்துவிட்டேன். அன்றைக்காவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஐந்தாம் வகுப்பில் ஒரு ஹாஸ்டல் பிள்ளை இருந்தாள். கூடங்குளம் பக்கம் கடற்கரை ஊர்க்காரி. ஆள் ஒல்லி, வாய் பெரிது.

“மிஸ், இந்தக் குட்டிக் கதையெல்லாம் உக்காந்து எந்திரிக்கதுக்குள்ள முடிஞ்சிருது. எடுத்தா தீரவே கூடாது. அப்படி ஒண்ணு தாங்க.”

மேல் தட்டில் கனமான நாவல் ஒன்று புதுசு மாதிரியே இருந்தது. அட்டையில் கடல், ஒரு வள்ளம், கரையில் நிற்கும் ஒரு சிறுபெண். பின் அட்டையில் விலை மட்டும்தான்.

“ஒங்க ஊரு மாதிரியே இருக்கும் பாரு. நல்ல நாவல்.”

“நீங்க படிச்சிட்டீங்களா மிஸ்?”

சுற்றி ஏழெட்டுப் பிள்ளைகள் நின்றார்கள். “படிக்காமலா சொல்லுதேன்?” என்றேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை மற்றவர்கள் வருமுன் ஓடி வந்தாள். முக்கால்வாசி முடித்திருந்தாள். மூச்சு வாங்கக் கதையைச் சொன்னாள். அந்தப் பெண்ணின் அப்பா மீன் பிடிக்கப் போனவர் திரும்பவில்லை. அவள் தினமும் சாயங்காலம் கரைக்குப் போய் நிற்கிறாள். ஊர் பலவிதமாகப் பேசுகிறது. சொல்லி முடித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“மிஸ், அவ அப்பா கடைசியில வந்துருவாவளா? அத மட்டும் சொல்லுங்க. மிச்சத்த நான் படிச்சிக்கிடுதேன்.”

நீயே படித்துப் பார் என்று சொல்லியிருக்கலாம். யாரும் குறை சொல்லமாட்டார்கள். ஆனால் எனக்குத் தெரியாது என்பதை அவள் கண்டுபிடித்துவிடுவாளோ என்று பயம். பிள்ளைகளுக்கு எழுதின கதைதானே, அப்பாவைச் சாகவா விடுவார்கள் என்று நானே முடிவு பண்ணினேன்.

“வந்துருவாவ. பயப்படாமப் படி.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

திங்கட்கிழமை காலையில் நான் மணி அடித்துவிட்டு வந்தபோது அந்தப் புத்தகம் என் ஸ்டூல் மேல் இருந்தது. மத்தியானம் ஹாஸ்டல் வார்டன் அக்கா தேடி வந்தார்கள்.

“ஏம்மா, அந்தப் பிள்ளைக்கு என்ன புஸ்தகத்தக் குடுத்த? நேத்து ராத்திரியும் சாப்பிடல, இன்னைக்குக் காலையிலயும் சாப்பிடல.”

அவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அவள் அப்பா வளைகுடா நாட்டில் ஒரு மீன்பிடிப் படகில் வேலை பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஹாஸ்டலுக்கு போன் செய்வார். இரண்டு ஞாயிறாக போன் இல்லை. மூன்றாவது ஞாயிறு முழுக்க அவள் போனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அந்த நாவலைப் படித்திருக்கிறாள்.

“போனும் வரல. கதையில அந்த மனுசனும் வரல போலிருக்கு. மிஸ் சத்தியம் பண்ணுனாவ, மிஸ் சத்தியம் பண்ணுனாவன்னு அதையே சொல்லுதா. எந்த மிஸ்ஸுன்னு கேட்டா, நீயாம்லா.”

அந்த ‘நீயாம்லா’வில் கேலி இல்லை. நிஜமாகவே ஆச்சரியப்பட்டார்கள்.

புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போனேன். பஸ்ஸில் படித்தேன், உலை கொதிக்கும்போது படித்தேன். எழுத்துக் கூட்டுகிற மாதிரி மெதுவாகத்தான் போனது. கடைசிப் பகுதிக்கு வந்தபோது பத்துப் பதினைந்து பக்கங்களின் மேல் ஓரம் பிய்ந்து கோணல்மாணலாக இருந்தது. கோபத்தில் கிழித்திருக்கிறாள் என்று நினைத்து, ஒரு நிமிஷம் எனக்குக் கோபம்கூட வந்தது. அந்த ஓரங்களைத் தாண்டிப் படித்தேன். வள்ளம் வரவில்லை. துடுப்பு மட்டும் கரை ஒதுங்குகிறது. ஒரு சாயங்காலம் அந்தப் பெண் கரைக்குப் போகாமல் தம்பிக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறாள். அதோடு முடிகிறது. நல்ல நாவல்தான். அட்டையைப் பார்த்துச் சொல்கிற அளவுக்குச் சின்னது இல்லை.

வியாழக்கிழமை அவள் அப்பா போன் செய்துவிட்டார். படகு பழுதாகி வேறொரு துறைமுகத்தில் நின்றதாம். வார்டன் அக்கா சொன்னதும் எனக்கு உடம்பெல்லாம் லேசானது. அப்பாடா, நான் சொன்னதால் ஒன்றும் ஆகிவிடவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். அந்தப் பிள்ளையின் அப்பா நல்லபடியாக இருக்கிறார் என்பது இரண்டாவதாகத்தான் தோன்றியது. இதை யாரிடமும் சொன்னதில்லை.

வெள்ளிக்கிழமை அவள் வரிசையில் கடைசியாக வந்தாள். மற்றவர்கள் போகும்வரை பொறுத்திருந்து, பீரோ கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

“அந்தப் புஸ்தகத்த நான் அப்ப படிக்கல. இப்பதான் படிச்சேன்.”

“தெரியும்.”

“எப்படி?”

“கடைசியில தாளெல்லாம் அச்சடிச்சு மடிச்சபடியே, மேல வெட்டாம சேந்தே இருந்துச்சு. ஒருத்தரும் பிரிச்சே பாக்கல. நான்தான் ஸ்கேல வச்சி அறுத்தேன்.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, “கோணலாப் போச்சு. பெரிய டீச்சர்ட்ட சொல்லிருவீங்களா?” என்று கேட்டாள்.

பொய்ச் சத்தியம் செய்தவள் நான். பயந்து நின்றது அவள்.

“சொல்லமாட்டேன்” என்றேன்.

“கதை நல்லாத்தான் இருந்துச்சு. நீங்க சொல்லாம இருந்திருந்தா இன்னும் நல்லாருந்திருக்கும்.”

அதற்குப் பிறகு படித்த பக்கம் வரைக்கும்தான் பேசுகிறேன். “நாப்பதாம் பக்கம் வரைக்கும் படிச்சிருக்கேன், அதுவரைக்கும் நல்லாருக்கு” என்பேன். முதலில் பிள்ளைகளுக்கு அது வேடிக்கையாக இருந்தது. “மிஸ் இன்னும் நாப்பதுலயே நிக்காவ, நான் தாண்டிட்டேன்!” என்று கத்துவார்கள். சிலர் எனக்கே சிபாரிசு செய்கிறார்கள்: “மிஸ், இதுல முதல்ல கொஞ்சம் அறுவையா இருக்கும், விட்டுராதீங்க.” அவர்கள் சொல்லி ஏமாந்ததில்லை.

அவள் மட்டும் என்னிடம் எது நல்ல புத்தகம் என்று கேட்பதில்லை. தானே எடுக்கிறாள். எடுத்ததும் கடைசிப் பக்கங்களின் மேல் ஓரத்தில் நகத்தை ஓட்டிப் பார்ப்பாள். போன வெள்ளிக்கிழமையும் அப்படிப் பார்த்துவிட்டு ஒரு நாவலை நீட்டினாள்.

“அக்கா, இதுல நீங்க எத்தனாம் பக்கம்?”

“இன்னும் தொடங்கவே இல்ல.”

“சரி, என் பேருல எழுதிக்கிடுங்க” என்று நோட்டை என் பக்கம் தள்ளினாள். மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் நான் இன்னமும் மிஸ்தான்.