முத்தையா சார் சேமித்தால் விழும் வரி

"வீடு பூட்டிக் கிடக்கு. நீங்க வெளிய இங்கன உக்காந்திருக்கீக. உள்ள எதை எவன் தொட்டாலும் ஒங்களுக்கு எப்படி சார் தெரியும்?" என்று முத்தையா சார் ஒருமுறை என்னிடம் கேட்டார்.

"உள்ளே ஒரு ஆளை உட்கார வைக்கணும்" என்றேன்.

"அம்புட்டுத்தான் விஷயம்" என்று என் கணினியில் ஒரு கட்டளையைத் தட்டினார்.

சென்ற மாதம் அவருடைய மகள் கலா தொலைபேசியில், "மாமா, அப்பா போயிட்டாக" என்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிவிடுவார் என்றுதான் நினைத்திருந்தேன்.

அவரிடம் படித்த நீங்கள் எல்லோரும் அவரைக் கணினி ஆசிரியராக அறிவீர்கள். ஓய்வுக்குப் பிறகு அவர் அனுமந்தன்பட்டியிலும், கணக்கு ஆசிரியரான நான் ஆண்டிபட்டியிலும் இருந்தபடி, பன்னிரண்டாம் வகுப்புக்கு ஒரு கணக்குப் பயிற்சி நூல் எழுதிவந்தோம். இருவர் கணினியிலும் ஒரே கோப்புறை. அவர் அங்கே மாற்றினால் இணையம் வழியாக இங்கேயும் மாறும். inotifywait -m என்ற அந்தக் கட்டளை கோப்புறையைக் கவனித்துக்கொண்டே இருக்கும். ஒரு கோப்பு வந்தாலும், மாறினாலும், நீக்கப்பட்டாலும் கறுப்புத் திரையில் ஒரு வரி விழும். என் மனைவி இறந்தபின் வீட்டில் பேச ஆளில்லை. மாலையில் வரி விழுந்தால், சார் டீ குடித்துவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டார் என்று பொருள்.

ஒருமுறை வரிகள் நின்றுபோயின. அவர் எழுதிய பாடமொன்றில் நான் நிறையத் திருத்தங்கள் போட்டிருந்தேன். கோபித்துக்கொண்டார் என்றே முடிவு செய்தேன். போனில் கேட்கக் கூச்சம். தேனியில் பேருந்து மாறி, அவர் வீட்டு வாசலிலேயே போய் நின்றேன்.

"என்ன சார், சொல்லாமக் கொள்ளாம வந்து நிக்கிறீக?"

"எழுதுறதை விட்டுட்டீங்களோன்னு..."

"தெனமும் எழுதுறேனே! ஒங்க மேல கோவிச்சுக்கிட்டா நான் யாருகூடச் சண்டை போடுறது?"

திறந்து காட்டினார். பாடங்களை உட்கோப்புறைகளாகப் பிரித்து, அவற்றுக்குள் எழுதி வந்திருக்கிறார். என் கட்டளையில் -r இல்லை. அது இல்லாவிட்டால் மேல் கோப்புறையை மட்டும்தான் பார்க்கும். நானும் கோப்புறையைத் திறந்து பார்க்காமல் அந்தத் திரையையே நம்பியிருந்தேன்.

"வாசல்ல மட்டும் காவல் போட்டுட்டு ஆளையே காணோம்கிறீக! கணக்கு வாத்தியாரு சார் நீங்க" என்று சிரித்தார். உள்ளிருந்து அவர் மனைவி, "சண்டைக்குன்னாலும் வந்தாகளே, சாப்பிட்டுப் போகச் சொல்லுங்க" என்றார். வீடு திரும்பியதும் என் கட்டளையில் -r சேர்த்தேன்.

சென்ற மாதம் அவருடைய இறுதிச் சடங்குக்குப் போய் வந்த பிறகும் அந்தத் திரையை மூட எனக்கு மனம் வரவில்லை. ஒரு மாலை, வரி விழுந்தது. MOVED_TO என்று இருந்தது; வேறிடத்திலிருந்து ஒரு கோப்பு வந்து சேர்ந்தது என்று பொருள். அடுத்து எங்கள் கடைசிப் பாடத்தின் பெயர். நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். சற்றுப் பொறுத்துக் கலாவை அழைத்தேன்.

"அப்பா கம்ப்யூட்டரை இப்பத்தான் ஆன் பண்ணேன் மாமா, அதுல இருக்கிற அவரு போட்டோவ எடுக்கலாம்னு."

ஆஸ்பத்திரிக்குப் போகுமுன், இணையம் இல்லாத நேரத்தில் எழுதி வைத்திருக்கிறார். அது இப்போது வந்து சேர்ந்தது. ஒரு கணக்கின் நடுவே நின்றிருந்தது.

அந்தப் பாதிப் பாடம்தான் அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது. அதை நான் தொடர்ந்து எழுதிவருகிறேன். ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் திரையில் வரி விழுகிறது. எல்லாம் என் வரிகள்தான்.

லினக்ஸ் கணினி உள்ளவர்கள் inotify-tools என்ற தொகுப்பை நிறுவி, ஒரு கோப்புறைக்குள் சென்று inotifywait -m -r . என்று கடைசிப் புள்ளியோடு தட்டிவிட்டு, அதில் ஒரு கோப்பைச் சேமிக்கும்படி வீட்டில் இருக்கும் இன்னொருவரிடம் சொல்லுங்கள்.