பூச்சியம் காட்டிய வில்லை

இரும்புச் சேர்மத்தைக் குளிரவைத்து அதன் மின்தடையைப் பூச்சியமாக்குவது எங்கள் தொழில், கேட்பவர்கள் "அப்புறம்?" என்பார்கள். ஆய்வகத்தில் காலம் தள்ளும் சக பாவப்பட்டவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. பேரியம், இரும்பு, ஆர்சனிக், துளி கோபால்ட் கலந்து சுட்ட வில்லைகளில் எனக்கு மிஞ்சியது ஒன்று. குளிரூட்டத் திரவ ஹீலியம் இருந்தது ஒரு தடவைக்கு. வில்லை மின்தடையே இல்லாத மீக்கடத்தியாக மாறாவிட்டால் அந்த மாதத்தோடு என் பிஎச்.டி. பதிவு ரத்து.

ஒட்டாத காந்தம்

கணபதி என்ற பகுதியில் பம்பு வார்ப்படம் போடும் மாமா ஆய்வகம் பார்க்க வந்தார். பழைய இரும்பு வாங்குகிறவர். சட்டைப் பையில் எப்போதும் காந்தம் இருக்கும். எடுத்து வில்லையின் மேல் வைத்தார். ஒட்டவில்லை. குளிர்ந்தால் உள்ளே காந்தம் வரிசை கட்டும், ஆனால் அடுத்தடுத்த அணுக்கள் எதிரெதிராகத் திரும்பி நிற்பதால் வெளியே தெரியாது என்று படம் போட்டு விளக்கினேன். மாமா படத்தை மடித்து என்னிடமே கொடுத்தார்.

"காந்தமும் இருக்குது, ஒட்டவும் ஒட்டாது. இதுக்கா அஞ்சு வருசம், கண்ணு?"

துளி கோபால்ட்

குளிரூட்டும் கருவியைப் பார்த்துக்கொள்பவர் பழனிச்சாமி அண்ணன். கோபால்ட் எதற்கு என்று கேட்டார். காந்த வரிசை இறுகி நின்றால் மீக்கடத்தல் வராது, கோபால்ட் அதைத் தளர்த்தும் என்றேன். அதிகமாகப் போட்டால் காந்தமும் போய்விடும், மீக்கடத்தலும் போய்விடும். எலக்ட்ரான்களை ஜோடி சேர்ப்பதே தளர்ந்த காந்தத்தின் சலசலப்புதான் என்று எங்கள் ஆட்களில் பலர் நினைக்கிறார்கள். அண்ணன் யோசித்தார்.

"அப்ப, குடிக்கறவன ஒரேயடியா நிறுத்தச் சொல்லக் கூடாது, கொறைச்சுக்கச் சொல்லோணும்ங்கறீங்க. எங்க ஊட்டுல வந்து சொல்லுங்க அம்மணி."

மாமாவின் உதவி

எங்கள் மெருகேற்றும் இயந்திரம் மக்கர் செய்ததால், வில்லையைத் தட்டையாகத் தேய்த்துத் தரும்படி மாமாவின் பட்டறைக்கு அனுப்பினேன். திரும்பி வந்தபோது அது காந்தத்தில் பச்சக்கென்று ஒட்டியது. பம்பு உதிரிகள் தேய்க்கும் கல்லிலேயே தேய்த்து இரும்புத்தூளை அப்பி அனுப்பியிருந்தார்கள். அளந்தால் தூளின் காந்தம்தான் தெரியும். எமரித் தாளும் ஸ்பிரிட்டுமாக ஒரு பகல் முழுக்கச் சுரண்டினேன். நடுவில் மாமா போன் செய்தார்.

"நம்ம பட்டறைல ரெண்டே நிமிசத்துல ஒட்ட வெச்சுப்போட்டோம். உங்க புரொபசர்கிட்டச் சொல்லு கண்ணு!"

காயில்

வில்லையைக் கருவிக்குள் இறக்கினோம். மின்தடை மெல்லக் குறைந்தது. டீ குடித்துவிட்டு வந்தால் எல்லாம் அணைந்து கிடந்தது. பழனிச்சாமி அண்ணன் இங்கே சேர்வதற்கு முன் இருபது வருடம் மோட்டாருக்குக் காயில் கட்டியவர். மீட்டர் பூச்சியம் காட்டினால் காயில் கருகி ஷார்ட் ஆகிவிட்டது என்பது அவர் அனுபவம். கடுங்குளிரில் பூச்சியம் வந்ததும் மொத்தத்தையும் நிறுத்திவிட்டார், அதுவரை அளந்ததைச் சேமிக்காமல்.

ஹீலியம் தீர்ந்திருந்தது. வில்லை மட்டும் இன்னும் குளிராக இருந்தது. அவசரமாக மறுபடி இணைத்து, அது சூடாகிக்கொண்டே வரும்போது அளந்தேன். பூச்சியம், பூச்சியம், பூச்சியம். பிறகு சட்டென்று மின்தடை திரும்பியது. இன்னும் சூடேறி, காந்த வரிசை குலையும் இடத்தில், வரைபடக் கோட்டில் ஒரு சின்ன வளைவு. காந்தம், மீக்கடத்தல் இரண்டும் ஒரே வில்லைக்குள்! அண்ணன் மீட்டரைத் தட்டிப் பார்த்தார்.

"கருகுன காயிலு சூடேத்துனா சரியாகுதுங்க. எங்க பழைய கடைல சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டான்."

ஐந்து வருட உழைப்பின் முக்கியமான வரைபடத்துக்குக் கீழே 'சூடாகும்போது அளந்தது' என்று போட்டிருக்கிறேன். குளிரும்போது ஏன் அளக்கவில்லை என்று தேர்வாளர் கேட்காதவரை நான் முனைவர்தான்.