புரோப்பைத் திருப்பாத மூன்று நாள்

ஸ்கேன் திரையில் என் மகள் கழுத்துக்குள் அந்தக் கருப்பு வட்டம் தெரிந்ததும், தோலில் வைத்துப் பார்க்கும் புரோப்தான் பழுது என்று முடிவு செய்தேன். முத்தையாபுரத்தில் இருபத்திரண்டு வருடமாக ஸ்கேன் மெஷின் சர்வீஸ் செய்கிறேன். அந்த முடிவுக்கு வர எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. வந்த பழுது

டவுனில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டரம்மா போன் செய்தார்.

"செல்வின், படத்துல இடது பக்கம் ஒரு கருப்புக் கோடு விழுது. வார பேஷண்டுக்கெல்லாம் ஒரே இடத்துலயா கோளாறு இருக்கும்? வந்து தூக்கிட்டுப் போயி என்னன்னு பாரும்."

கழுத்து பார்க்கும் லீனியர் புரோப் அது. உள்ளே நூற்றிருபத்தெட்டு கிரிஸ்டல் துண்டுகள், சீப்புப் பல் போல வரிசையாக. கரண்ட் துடிப்பு பட்டால் ஒவ்வொன்றும் அதிர்ந்து நம் காதுக்கு எட்டாத ஒலியை அனுப்பும். உடலில் பட்டுத் திரும்பும் ஒலியை வாங்கி மறுபடி கரண்டாக்கும். கிரிஸ்டலுக்குப் பின்னால் இருக்கும் பேக்கிங், அதிர்வை நீளவிடாமல் அடக்கும். முன்னால் இருக்கும் மேட்சிங் லேயர், ஒலியைத் தோலுக்குள் வழுக்கிவிடும். எல்லாவற்றுக்கும் மேலே சிலிக்கோன் ரப்பர் லென்ஸ்.

அந்த லென்ஸ் இடது ஓரத்தில் தூக்கியிருந்தது. இடையில் மயிரிழைக் காற்று. இந்த ஒலிக்குக் காற்று ஒரு சுவர். லென்ஸை உரித்து, புதிது வார்த்து, ஒரு நாள் காயவிட்டேன். பிறகு புரோப்பை என் மெஷினில் மாட்டி, ஒரு ஜெம் கிளிப்பை லென்ஸின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நகர்த்தினேன். திரையில் வெளிச்சம் எங்கும் அறாமல் கூடவே வந்தது. செத்த கிரிஸ்டல் ஒன்றுகூட இல்லை. கடல்பாசி காய்ச்சி உறையவைத்து, குறுக்கே தூண்டில் நரம்பு கட்டிய டப்பா ஒன்று வைத்திருக்கிறேன். அதிலும் நரம்புகள் புள்ளி புள்ளியாக, சுத்தமாகத் தெரிந்தன.

2. ஜெபாவின் கழுத்து

கடைசிச் சோதனை எப்போதும் என் கழுத்தில்தான். அன்று செட்டிங்கும் மாற்ற வேண்டியிருந்தது; என் கழுத்தில் வைத்துக்கொண்டு அது வசதிப்படவில்லை. ஒன்பதாவது படிக்கும் என் மகள் ஜெபா பள்ளிக்கூடம் விட்டு அப்போதுதான் வந்திருந்தாள்.

"ஏளா, கழுத்தக் கொஞ்சம் காட்டு."

"ஜெல்லு சில்லுனு இருக்கும்ப்பா. பிசுபிசுன்னு வேற ஆயிரும்."

புரோப்பை வைத்தேன். திரையின் இடது பக்கம், சாம்பல் நிறத்துக்கு நடுவே, உருண்டையாக ஒரு கருப்பு. ஓட்டை போட்ட மாதிரி.

துடைத்துவிட்டு என் கழுத்தில் வைத்தேன். ஒன்றும் இல்லை. கடல்பாசியில் வைத்தேன். ஒன்றும் இல்லை. மறுபடி அவள் கழுத்தில் வைத்தேன். அங்கேயே இருந்தது. அவள் எச்சில் விழுங்கினாள். வட்டம் காணாமல் போனது. ஒரு கணம் கழித்துத் திரும்பி வந்து, அதே இடத்தில் நின்றது.

கருவியின் பழுது எச்சில் விழுங்காது. அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, "லென்ஸ் சரியா ஒட்டல" என்று சொல்லி எழுந்தேன்.

3. மூன்று நாள்

நன்றாக இருந்த லென்ஸை உரித்தேன். புதிது வார்த்தேன். காயவிட்டுப் பார்த்தேன். வட்டம் இருந்தது. மறுபடி உரித்தேன்.

"இன்னிக்குமாப்பா? ஒங்க புரோப்புக்கு வேற கழுத்தே கிடைக்கலியா?" என்று இரண்டாம் நாள் சிரித்தாள். மூன்றாம் நாள் நான் கூப்பிடுமுன்பே வந்து உட்கார்ந்து, தானே காலரை விலக்கினாள்.

சந்தேகம் வந்தால் புரோப்பை அதே இடத்தில் இடவலம் மாறும்படி திருப்பி வைக்க வேண்டும். பழுது புரோப்பில் என்றால் கருப்பு திரையில் அதே பக்கம் நிற்கும். உடம்பில் என்றால் எதிர்ப்பக்கம் போய்விடும். அரை நொடி வேலை. எத்தனையோ பேருக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பதினொரு தடவை அவள் கழுத்தில் வைத்தேன். ஒரு தடவைகூட என் மணிக்கட்டு திரும்பவில்லை.

4. டாக்டரம்மா

நாலாம் நாள், புரோப் இன்னும் வரவில்லையே என்று டாக்டரம்மா போனில் சத்தம் போட்டார். புரோப்பை எடுத்துக்கொண்டு ஜெபாவையும் கூட்டிப்போனேன்.

"மேடம், இன்னும் ஒரு கருப்பு வருது. இவளுக்கு மட்டும் வருது" என்றேன்.

என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, புரோப்பை வாங்கி அவள் கழுத்தில் வைத்தார். பிறகு திருப்பினார். வட்டம் இடது பக்கத்திலிருந்து வலது பக்கம் வந்து நின்றது.

"ஒம்ம புரோப் நல்லாத்தான் இருக்கு. வட்டத்துக்குக் கீழ பளிச்சுனு வெள்ளையா தெரியுதுல்லா, அதக் கூடவா பாக்கல? உள்ள தண்ணி இருந்தாத்தான் அப்படித் தெரியும். எதுக்கும் ஊசி போட்டு எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பிருவோம்."

டெஸ்டில் பயப்பட ஒன்றும் இல்லை என்று வந்தது. ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்லியிருக்கிறார்.

ரிசல்ட் வாங்கிக்கொண்டு பைக்கில் திரும்பும்போது, துறைமுகச் சாலையில் லாரிகளுக்குப் பின்னால் நின்றோம். ஜெபா என் முதுகுக்குப் பின்னாலிருந்து பேசினாள்.

"எனக்கு மொத நாளே தெரியும்ப்பா."

"என்னளா தெரியும்?"

"எப்பவும் எனக்குக் காட்டுவீங்க. அன்னிக்கு ஸ்கிரீன அங்கன திருப்பி வச்சிட்டீங்க. நான் செத்துருவேன்னு நெனச்சேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா?"

"நீங்கதான் பயந்துட்டு இருந்தீங்களே."

லாரி நகர்ந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். எனக்கு கியர் போட வரவில்லை.

இந்தத் தொழிலில் தவறு செய்யாதவர் இல்லை. தெரிந்ததை ஒத்துக்கொள்வதைத் தள்ளிப்போடாதீர்கள். நான் பழுது பார்த்துக்கொண்டிருந்த மூன்று நாளும், என் பதினாலு வயது மகள் சாவை நினைத்துக்கொண்டே பள்ளிக்கூடம் போய்வந்திருக்கிறாள்.