உப்புத் தண்ணீரில் ஞானஸ்நானம்

வியாழக்கிழமை காலை மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். பேத்தி செலின் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"பாட்டி, ஆரோக்கிய ஆயா கண்ண மூடிட்சு."

"சாமியாரு வந்து எண்ணெய் பூசினாரா?"

"இல்ல. எண்ணூருக்குப் போயிகீறாராம். ஆள் அனுப்பிகீறாங்கோ."

கத்தி கையிலேயே நின்றுவிட்டது. ராயபுரத்தில் எங்கள் தெருப் பிள்ளைகளில் பாதிப் பேரைக் கையில் ஏந்திய மருத்துவச்சி ஆரோக்கியம்மாள் அக்கா, சாகுமுன் சாமியார் எண்ணெய் பூசித் தரும் அவஸ்தைப் பூசுதல் இல்லாமலா போனார்கள்? அந்தப் பதற்றம் இன்னும் அடங்காமல்தான் எழுதுகிறேன். ஐந்தாவதோடு நின்றவள் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்காவின் புருஷனைக் கடல் கொண்டுபோயிற்று, உடல் கிடைக்கவில்லை. கல்லறைத் திருநாளில் எல்லோரும் கல்லறைக்குப் போவோம். அக்கா மட்டும் கரை மணலில் மெழுகுவத்தி ஏற்றுவார்கள். "கடைசி நாள்ல செத்தவங்க எல்லாம் எழுந்திரிக்கும்போது அவரு இங்கதான் கரையேறுவாரு," என்பார்கள்.

பதினோரு வருஷத்துக்கு முன்னே, யுத்த காலத்தில் என் மகளுக்குப் பிரசவம். குழந்தை நீலம் பாரித்துப் பிறந்தது, அழவில்லை. சாமியார் ஊரில் இல்லை. உயிர் போகும் அவசரத்தில் யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். "தண்ணி குடுங்கமே!" என்று அக்கா கத்தினார்கள். குழாயில் தண்ணீர் வராத நாள், குடம் காலி. அக்கா குழந்தையோடு அலைக்கு ஓடினார்கள். கையால் அள்ளித் தலையில் ஊற்றி, பிதா, சுதன், இஸ்பிரீத்துசாந்து நாமத்தினாலே ஞானஸ்நானம் கொடுத்தார்கள். பிள்ளை வீலென்று கத்தியது.

எதிர்வீட்டுத் திரேசம்மா விடவில்லை. "இன்னாக்கா, கருவாடா போடப் போற? உப்புத் தண்ணி ஞானஸ்நானம் செல்லுமா?"

மாலையே பிள்ளைக்குச் சுரம். ஞானஸ்நானம் செல்லாமல் பிள்ளை போய்விட்டால் மோட்சம் உண்டா? மந்திரித்த கல்லறை மண்ணில் இடம் கொடுப்பார்களா?

அக்கா சொன்னார்கள்: "அலை மேல நடந்தவருக்கு உப்புத் தண்ணி ஆவாதா? அவரு வெறும் மனுஷன்னா நானும் பயப்படுவேன். கடல படைச்ச கடவுளாச்சே!" ஆனால் அன்று இரவு முழுக்க அவர்களும் செபமாலையைக் கீழே வைக்கவில்லை.

ஞாயிறன்று சாமியார் வந்தார். "கடல் தண்ணீரும் தண்ணீர்தான், செல்லும்," என்று சொல்லி, மிச்சச் சடங்கை மட்டும் செய்தார். சடங்குப்படி பிள்ளையின் நாக்கில் உப்பு வைக்கப் போனபோது அக்கா, "அத நான் அன்னிக்கே வெச்சிட்டேன் சாமி," என்றார்கள். சாமியாரே சிரித்துவிட்டார்.

அந்தப் பிள்ளைதான் செலின். என்னைத் தாண்டி ஆறாவது படிக்கிறாள். செபப் புத்தகத்தைத் திக்காமல் வாசிப்பாள். பெருமைதான், மறைப்பானேன்?

இந்த வியாழக்கிழமை காலையும் அவள்தான் அக்காவுக்குக் கஞ்சி கொண்டுபோனவள். "நீ போறப்போ உயிரு இருந்துச்சா?" என்று கேட்டேன்.

"இருந்துச்சு பாட்டி. இழுத்துகினு இருந்துச்சு. உத்தம மனஸ்தாப செபம் சொன்னேன், கூடவே வாயசைச்சுது. அப்பால காதுல சேசு மரி சூசைன்னு திருநாமத்த சொன்னேன். 'காது கேக்கலமே, உரக்கச் சொல்லு'ன்னுது. கத்தினேன். சிரிச்சுது. அவ்ளோதான்."

மதியம் வந்த சாமியாரிடம், "எண்ணெய் கிடைக்கலியே சாமி," என்று அழுதேன். "பாவத்துக்கு வருந்தும் மனஸ்தாபம் கிடைத்ததே அம்மா. மற்றதை ஆண்டவர் பார்த்துக்கொள்வார்," என்றார். பாதி மனம்தான் ஆறியது.

சவப்பெட்டி கரையோரமாகப் போனது. யாரும் சொல்லாமலே செலின் இறங்கி, இரு கையாலும் கடலை அள்ளி வந்து பெட்டியின் மேல் தெளித்தாள். திரேசம்மாவும் சிலுவை போட்டுக்கொண்டாள்.

போய் வாருங்கள் அக்கா. சாகும் தறுவாயில் நீங்கள் தண்ணீர் ஊற்றி அனுப்பிய சிசுக்கள் மோட்ச வாசலுக்கு ஓடி வரும். அலை மேல் நடந்தவர் உங்களைக் கைபிடித்துக் கரையேற்றுவார். நானும் பயப்படாமல் இருக்கப் பார்க்கிறேன்.