சைவக் குடும்பத்துக்கு மட்டும்

வாடகை வீடு தேடித் தரும் ஓர் இணையதளத்தில் எனக்கு வேலை. அதில் ஒரு சாட்பாட் உண்டு. பொதுவாக ஏதாவது சொல்லும். திரையில் திறந்திருக்கும் வீட்டைப் பற்றிக் கேட்டால் விழிக்கும். அதைச் சரிசெய்யச் சொன்னார்கள். அது எப்படிப் பேச வேண்டும் என்று எழுதிவைத்த குறிப்பில் நான் சில காலி இடங்களை விட்டேன். ஒருவர் ஒரு வீட்டின் பக்கத்தைத் திறந்ததும், அந்த வீட்டின் அன்றைய வாடகை, மாடி, தண்ணீர் வசதி எல்லாம் அந்த இடங்களில் தானாகப் போய் உட்காரும். எல்லோரும் பாராட்டினார்கள்.

அப்போது நானும் கணவரும் ஆபீசுக்கு வெகுதூரத்தில், ஸ்ரீராம்புரத்தில் மாமியார் வீட்டில் இருந்தோம். வயிற்றில் பிள்ளை. பஸ்ஸில் நின்றே போய்வர முடியாமல், ஆபீஸ் பக்கம் வீடு தேடிக்கொண்டிருந்தோம்.

ஈரோட்டுக்காரரான டீம் லீட் இன்னொரு காலி இடம் சேர்க்கச் சொன்னார். யாருக்கு வீடு கொடுக்க விருப்பம் என்று வீட்டுக்காரர்கள் நிரப்பும் கட்டம் அது. வீடு தேடுபவர்களுக்குத் தெரியாது. திறந்து பார்த்தேன். சைவக் குடும்பத்துக்கு மட்டும். நம்மவர்களுக்கு மட்டும். சிலர் வேண்டாத ஏரியாக்களையே எழுதியிருந்தார்கள். எங்கள் ஸ்ரீராம்புரமும் இருந்தது.

"இது வேணாம் சார். இத வச்சு சாட்பாட் ஆளுங்கள திருப்பி அனுப்பும்."

"அதுக்குத்தானுங்க சேக்கறோம். நேர்ல போய் அசிங்கப்படறதுக்கு இது பரவால்லீங்களே?"

முடியாது என்றேன். அவர் கோபப்படவில்லை. மாலைக்குள் வேறொருவர் சேர்த்துவிட்டார். ஒரு வரிதான், வழியை நான்தான் ஏற்கெனவே போட்டிருந்தேனே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவர் போனுடன் வந்தார். "உன் ஆபீஸ் பக்கம், ஈஜிபுரா தாண்டி ஒரு வீடு பாரு. கீழ் வீடு, நீ படி ஏற வேணாம்."

"அந்த சாட்பாட்கிட்ட கேக்காதீங்க. ஓனருக்கே போன் பண்ணுங்க."

"நீ செஞ்சதுதானே? நல்லாத்தான் பேசுது."

அந்த வீட்டைப் பற்றித் தட்டியதும், இப்போது எங்கே இருக்கிறீர்கள், அசைவம் சமைப்பீர்களா என்று சாட்பாட் கேட்டது. உள்ளதைச் சொன்னார். 'உங்கள் ஆர்வத்துக்கு நன்றி. இந்த வீடு உங்கள் குடும்பத்துக்குப் பொருந்தாது. வேறு வீடுகளைக் காட்டட்டுமா?' ஏன் என்று தட்டினார். 'மன்னிக்கவும், அந்த விவரம் என்னிடம் இல்லை.' அடுத்தடுத்து வேறு வீடுகளைத் திறந்தார். அதே நன்றி, அதே பணிவு.

அந்தக் கட்டத்தைப் பற்றிச் சொன்னேன். போனைக் கவிழ்த்து வைத்தார்.

"முன்னெல்லாம் மூஞ்சிக்கு நேரா இல்லன்னுவாங்க. நாலு வார்த்தை கேட்டுட்டாவது வருவேன். இதுகிட்ட இன்னான்னு கேக்கறது?"

வேண்டாதவர்கள் வந்து நிற்கிறார்கள் என்ற வீட்டுக்காரர்களின் புகார் குறைந்ததென்று ஆபீசில் கேக் வெட்டினார்கள். குழந்தை பிறந்ததும் மாமியார் தன் அறையை எங்களுக்கு விட்டுவிட்டு ஹாலில் பாய் போட்டுக்கொண்டார். வீடு தேடுவதை விட்டுவிட்டோம். அதே வேலைக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறேன், இரண்டு பஸ் மாறி.