இலை கிழியாத வேகம்

காலை எட்டே முக்காலுக்குத் தொட்டியத்தை விட்டுக் கிளம்பினோம். பத்தரைக்கு ஸ்ரீரங்கத்தில் முகூர்த்தம் முடிந்துவிடும். நடுவில் முப்பத்துமூன்று மைல். கல்யாணப் பெண் என் அக்காள் மகள் செல்வி. தாய்மாமன் நெற்றிப்பட்டம் கட்டாமல் எங்கள் ஜனத்தில் பெண்ணை மணையில் உட்கார வைக்க மாட்டார்கள். அக்காவுக்குக் கூடப்பிறந்தவன் நான் ஒருவன்தான். ஆசாரி அந்தப் பட்டத்தை அன்று காலையில்தான் என் கையில் கொடுத்தார். வீட்டார் முந்தின நாளே போய்விட்டார்கள். எட்டரை மணி பஸ்ஸோ கூட்டம் தாங்காமல் நிற்காமலே போயிற்று. ரோட்டோரம் நின்ற என் முன்னால், துணைக்குத் தங்கியிருந்த மைத்துனன் முத்தையா தன் மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தினான்.

அது சண்டைக்கால வண்டி, பட்டாளத்து ஏலத்தில் எடுத்தது. முத்தையா அதில்தான் தினமும் திருச்சி காந்தி மார்க்கெட்டுக்கு வாழையிலைக் கட்டு கொண்டுபோகிறான். படுகை மணலிலிருந்து கட்டோடு மேலேறுவதற்காகப் பின் சக்கரத்தின் பல்சக்கரத்தைப் பெரிதாக மாற்றியிருந்தான். யானை மாதிரி இழுக்கும், ஆனால் ஓட்டம் கிடையாது.

"இலையோட போனா ரெண்டு மணி நேரம் ஆகும் மச்சான். வேகமாப் போனா காத்துல இலை கிழிஞ்சிடும், வியாபாரி தொடமாட்டான். இன்னிக்கு நீங்கதானே சரக்கு? நீங்க கிழிய மாட்டீங்க. ஒரு மணி நேரத்துல சேத்துடறேன்."

"இதுக்கு முன்னாடி வேகமா ஓட்டியிருக்கியா மாப்பிள்ளை?"

"இல்லீங்க. இன்னிக்குப் பாத்துடுவோம்."

அதைக் கேட்டபோதே நான் இறங்கியிருக்க வேண்டும். எங்கே இறங்குவது, வேறு வண்டி ஏது?

முசிறி தாண்டும்வரை கண்ணைத் திறக்கவில்லை. நாலாவது கியர் போட்ட பிறகும் இஞ்சின் இரண்டாவதில் கத்துகிற மாதிரியே கத்தியது. இறக்கத்தில் சைக்கிள் பெடல் காலுக்கு அகப்படாமல் சுற்றுமே, அப்படி. மேலே போட இன்னொரு கியர் இல்லை. ஓர் அளவுக்கு மேல் அவன் முறுக்க முறுக்கச் சத்தம்தான் கூடியது, வேகம் கூடவில்லை. கால் வைத்திருந்த கம்பி வழியாக நடுக்கம் ஏறிப் பல்லுக்கு வந்தது. சூடான எண்ணெய் நாற்றம் வேறு.

"கொஞ்சம் குறையேன்" என்று அவன் காதில் கத்தினேன். கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். "வேண்டாம், போ" என்றேன். இப்படியே வழியெல்லாம் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டு வந்தேன், பாவம் அவன்.

குணசீலத்துக்கு அருகில், மணி ஒன்பது இருபது. பின் சக்கரம் கீச்சென்று பூட்டிக்கொண்டது. வண்டி பாம்பாய் நெளிந்தது. முத்தையா சட்டென்று கிளட்சைப் பிடித்ததால் சக்கரம் விடுபட்டு, சாலையோரப் புளியமரத்தடியில் போய் நின்றோம். பெருமாளே என்றேன்.

"பிஸ்டன் சூட்டுல வீங்கிப் பிடிச்சிக்கிச்சு மச்சான். ஆறினா விட்டுடும்."

"எப்ப ஆறும்?"

"அது ஆறுறப்ப ஆறும்."

எதிர்க்கடையில் ஒரு அணாவுக்கு டீ வாங்கினேன். பட்டம் இருக்கிறதா என்று பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். அக்கா வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டிருப்பாள். சம்பந்தி வீட்டார் சும்மா இருப்பார்களா?

இருபது நிமிஷம் கழித்து உதைத்தான். இஞ்சின் பிடித்தது. ஆனால் முத்தையாவின் தைரியம் திரும்பவில்லை, மாட்டுவண்டி எங்களை முந்திவிடும் போல உருட்டினான்.

"எவ்வளவு வரைக்கும் தாங்கும்னு தெரியலீங்க. வேகம் காட்டுற முள்ளு செத்துக் கிடக்கு. எப்பவும் பின்னாடி இலை சடசடக்கறதை வெச்சுத்தான் ஓட்டுவேன். அந்தச் சத்தம் இல்லாம எனக்கு வேகமே புரியலை."

ரோட்டை ஒட்டி வாழைத்தோட்டம் இருந்தது. வண்டியை நிறுத்தச் சொல்லி நான் குதித்தோடி, அங்கே நின்ற பெண்ணிடம் கல்யாண விஷயத்தைச் சொல்லி ஓர் இலை கேட்டேன். அந்த அம்மாள் ஒரு தலைவாழை இலையை அறுத்துக் கொடுத்தாள். "நல்லபடியா போய்ச் சேருங்க" என்றாள், காசு வாங்கவில்லை. இலையை மார்போடு அணைத்து, நுனியை மட்டும் முத்தையாவின் காதருகே நீட்டிக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன். வழியில் பார்த்தவர்கள் சிரித்திருப்பார்கள். சிரிக்கட்டும்.

இலை சடசடத்தது. அவன் தோள் இறங்கியது. "இதுதான்" என்றான். இலை துடிக்கும், ஆனால் கிழியாது. அந்த இடத்திலேயே கையை நிறுத்திக்கொண்டான். இஞ்சின் அலறலை விட்டுத் தன் பழைய குரலுக்கு வந்தது. மண்ணச்சநல்லூர்ப் பிரிவு, டோல்கேட், கொள்ளிடம் பாலம். பாலத்திலிருந்து மலைக்கோட்டை தெரிந்தது, எல்லோரும் கும்பிடும் இடம். என் கையில் இலை. மனசுக்குள்ளேயே கும்பிட்டேன்.

பத்து இருபத்துமூன்றுக்கு வடக்குச் சித்திரை வீதிச் சத்திரம். "நாழியாறது, பொண்ணை அழைச்சுண்டு வாங்கோ" என்று சாஸ்திரிகள் கூப்பிடுவது வாசலிலேயே கேட்டது. செல்வி அறை வாசலில் வெறும் நெற்றியோடு நின்றாள். வேறு யாரையாவது கட்டச் சொல்லலாம் என்றார்களாம். மாமா வரட்டும் என்று அசையாமல் நின்றுவிட்டாளாம். பட்டத்தை எடுத்தால் முடிச்சுப் போட வரவில்லை. இஞ்சின் நடுக்கம் இன்னும் விரலைவிட்டுப் போகவில்லை. அவளே என் இரண்டு மணிக்கட்டையும் பிடித்துத் தன் நெற்றியோடு அழுத்திக்கொண்டாள். முடிச்சு விழுந்தது. சற்றைக்கெல்லாம் கெட்டிமேளம் கொட்டியது.

பட்டம் கட்டும்போது சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிய இலையை, பந்தியில் உட்காரும்வரை நான் கீழே வைக்கவில்லை போலிருக்கிறது.

"ஏன் மாமா, ஸ்ரீரங்கத்துல இலை கிடைக்காதுன்னா தூக்கிட்டு வந்தீங்க?" என்று செல்வி சிரித்தாள்.

முத்தையா நடந்ததைச் சொன்னான். அவள் சிரிப்பை நிறுத்தி, தன் முன்னால் போட்டிருந்த இலையை எடுத்துவிட்டு இதைப் போடச் சொன்னாள். நான்தான் விரித்துத் தண்ணீர் தெளித்தேன். நுனியிலிருந்து அடிவரை கையால் தடவிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.