ஒரே பெட்டிக்குள் திசைகாட்டியும் ரேடியோவும்

இரண்டு பேருக்காகவும் பெயர் சொல்லித்தான் செபித்தேன். ஒருவர் மட்டும் ஏன் உயிரோடு கரை சேர்ந்தார்? இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை. ஆனாலும் பெற்ற உதவியை மறைத்து வைப்பது நன்றிகேடு என்று பங்குச் சாமியார் சொன்னார். அதனால் இந்தப் பத்திரிகைக்கு எழுதுகிறேன்.

நான் கன்னியாகுமரிக்கு மேற்கே ஒரு கடற்கரை ஊரில் பிறந்தவள். கல்யாணமாகி பெங்களூருக்கு வந்தேன். ஒக்கலிபுரத்தில் இருக்கிறோம். கணவர் ஒரு தொழிற்சாலையில் மரவேலை செய்கிறார். கைக்குழந்தை ஒன்று. ஊரில் என் அண்ணன் சூசை, தன் கூட்டாளி சவரிமுத்துவோடு சேர்ந்து ஒரு சிறிய எந்திரப் படகு வாங்கினார். அதற்கு ஏதாவது கருவி வாங்க வேண்டும் என்று போன கோடையில் இங்கே வந்தார்.

தண்டு என்கிற கன்டோன்மென்ட் பக்கம் பழைய ராணுவச் சாமான் விற்கும் கடைக்கு மூவரும் போனோம். அண்ணனின் கண் ஒரு பெரிய இரும்புப் பெட்டியை விட்டு நகரவில்லை. அது தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி, ஆழத்தையும் மீன் கூட்டத்தையும் காட்டுமாம்.

"இது மட்டும் கெடச்சா மீனு எங்க போயி ஒளியும்?"

கடைக்கார பாய் சிரித்தார். "மீனக் காட்டும் சாமி. ஆனா இதுக்குத் தீனி போட லாரி பேட்டரி வேணும். உங்க போட்டு தாங்குமா?"

"மீனு கெடைக்காட்டியும் போவுது அண்ணே. வீட்டுக்கு வழி தெரியணும்" என்று நான் திசைகாட்டியை எடுத்தேன்.

"பெங்களூருக்கு வந்து பயந்தாங்கொள்ளி ஆயிட்டியே! மலையையும் கோயில் கோபுரத்தையும் பார்த்து வாறவனுக்கு ஊசி எதுக்கு பிள்ளே?"

வானிலைச் செய்தி கேட்க டிரான்சிஸ்டர் ரேடியோ வேண்டும் என்றார் கணவர். எங்கள் கைக்கு எட்டியது அந்த இரண்டும்தான். உப்புத் தண்ணீர் படாமல் இருக்க, கணவர் தேக்கில் ஒரு பெட்டி செய்தார். மூடியில் திசைகாட்டியைப் பதித்தார். அதற்கு நேர் கீழே, கம்பளித் துணி சுற்றி ரேடியோவை வைத்தார். ஒரு சொட்டு நீர் புகாது.

"பெட்டியில்ல மாப்பிள, பிரளயத்துக்கு நோவே கட்டுன பேழை!" என்றார் அண்ணன்.

வானம் தெளிந்திருந்த நாட்களில் அந்த ஊசியை யாரும் பார்க்கவில்லை. மலை தெரியும்போது ஊசி எதற்கு?

ஐப்பசியில் தந்தி வந்தது. படகு திரும்பவில்லை, செபிக்கவும் என்று மட்டும் இருந்தது.

அந்த நாட்களை எப்படிச் சொல்வேன்! எனக்குச் சோறு இறங்கவில்லை. பால் வற்றியது. குழந்தை வீறிட்டு அழுதது. பக்கத்து வீட்டு முனியம்மாக்கா கஞ்சியோடு வந்து என் முன்னால் உட்கார்ந்தார். "சாமிகிட்ட அழுவுறது அழு. அதுக்கு முன்ன இதக் குடி. புள்ளைக்குப் பாலு சாமியா வந்து குடுக்கும்?" குடித்தேன். மறுபடி முழங்காலில் விழுந்தேன். "ஆண்டவரே, வழி காட்ட ஆள் இல்லாத இடத்தில் நீரே வழியாக இரும்." இருவர் பெயரையும் சொல்லி இதையே திரும்பத் திரும்பச் செபித்தேன்.

சூசை கரை சேர்ந்தார் என்று இரண்டாவது தந்தி வந்தது. இன்னொரு பெயரைத் தேடித் தேடிப் படித்தேன். இல்லை.

ஊருக்குப் போனோம். அண்ணன் பாயில் கிடந்தார். நடந்ததை அவரே சொன்னார். வாடைக்காற்று படகைக் கடலுக்குள் தள்ளியிருக்கிறது. மழையில் மலையும் தெரியவில்லை, சூரியனும் தெரியவில்லை. வடக்கே போனால் கரை. ஊசி காட்டிய வடக்கை நம்பிப் போயிருக்கிறார்கள். கரை வரவே இல்லை. எண்ணெய் தீர்ந்தது. பாய்மரத்தில் பாய் விரித்தார்கள். நனைந்து நனைந்து சவரிமுத்துவுக்குக் குளிர்காய்ச்சல் கண்டது.

"'யாராவது பேசுறதக் கேக்கணும்லே'ன்னான். ரேடியோவ எடுத்து அவன் காதுல வச்சேன். கரகரன்னுதான் வந்திச்சு. திரும்பிப் பாக்கேன், ஊசி வேற பக்கம் நிக்கி."

அந்தப் பக்கமே படகைத் திருப்பினார். கரை தெரிவதற்கு முன்பே, ரேடியோ காதில் இருக்க, சவரிமுத்து போய்விட்டார்.

கணவர் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார். ரேடியோவை உள்ளே வைத்தார். ஊசி விலகியது. வெளியே எடுத்தார். ஊசி திரும்பியது. ரேடியோவின் ஒலிபெருக்கிக்குள் இருக்கும் காந்தம்! அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"விடும் மாப்பிள. ஊசியே இல்லன்னாலும் அந்த மழையில நான் எங்கயாவதுதான் போயிருப்பேன்" என்றார் அண்ணன்.

சாகக் கிடந்தவனுக்கு ஒரு மனிதக் குரலைக் கேட்க வைக்க நினைத்த அந்த அன்பின் வழியாகத்தான் ஆண்டவர் ஊசியைத் திருப்பினார் என்று விசுவசிக்கிறேன். அண்ணனை எனக்குத் திருப்பித் தந்தவருக்கு ஆயுள் முழுதும் கடன்பட்டிருக்கிறேன். இப்போதெல்லாம் எதையும் கையால் சோதித்துப் பார்க்கிறேன். சோதித்த பிறகும் செபிக்கிறேன். சகோதரிகளே, இருட்டில் இருக்கிறவர்கள் கேளுங்கள். அவர் கேட்கிறார். அவர் தரும் பதிலில் பாதி நம்மைக் கண்ணீர் விட வைத்தாலும், கேளுங்கள்.

நாங்கள் புறப்படும்போது சவரிமுத்துவின் மனைவி மேரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்தப் பெட்டிதான் ஒருத்தரையாவது கொண்டாந்துச்சு அக்கா. என் கொழுந்தனும் கடலுக்குப் போறான். அவனுக்கும் அதே மாதிரி ஒண்ணு செஞ்சு தாங்க." அவளிடம் யாரும் காந்தத்தைப் பற்றிச் சொல்லவில்லை.

மேரியின் கொழுந்தனுக்காகக் கணவர் இப்போது திசைகாட்டிக்கு மட்டும் தனிப்பெட்டி செய்கிறார். கப்பலிலோ படகிலோ வேலை பார்த்தவர்கள் இதைப் படித்தால், ரேடியோவிலிருந்தும் எந்திரத்திலிருந்தும் அதை எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும் என்று எழுதுங்கள். ஏன் தனியாக வைக்க வேண்டும் என்று மேரி கேட்பாள். தாய்மார்களே, அவளிடம் நான் என்ன சொல்லட்டும்? அதையும் எழுதுங்கள்.